மூலை வெட்டிய திரைச்சீலை

அருந்ததிக்கு யாராவது நன்மை செய்துவிட்டால் முதலில் கோபம்தான் வரும். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தவரை முறைப்பாள். பரீட்சையில் தேறியதற்குப் பலகாரத் தட்டோடு வந்த பெரியம்மாவிடம், "இதைச் சுட்ட நேரத்துக்கு உங்கட மகளை ஒழுங்காப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கலாம்" என்று சொன்னவள். சொல்லிவிட்டுத் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான். அந்தப் பரம்பரையில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். தாவரவியலில் பட்டம். முதல் வேலைக்கு நேர்முகம் போனபோது எப்போது கல்யாணம் என்று கேட்டார்கள். "உங்களுக்கு எப்ப பென்சன்?" என்று திருப்பிக் கேட்டாள். அந்த வேலை போயிற்று. கொட்டாஞ்சேனையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் அவளை எடுத்துக்கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்தின் மீதும் அவளுக்குக் கோபம் இருந்தது, எடுத்துக்கொண்டதற்காக.

கோபிக்க முடியாத நன்மை என்று அவள் வாழ்க்கையில் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கதிரை.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அறை இரண்டு, ஆட்கள் ஏழு. அப்பா நாகேந்திரம் ரயில்வேயில் பார்சல் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலை தேடி வருகிற சொந்தக்காரர் எல்லாரும் முதலில் பாய் விரிப்பது அவர் வீட்டில்தான். அந்தச் சந்தடிக்குள் எங்கே படிப்பது? பட்டப் படிப்பின் கடைசி வருஷம் தொடங்கிய காலத்தில் ஒரு பின்னேரம் அவள் கிணற்றடியில் புத்தகத்தோடு குந்தியிருந்ததைப் பக்கத்து வீட்டு மக்கீன் நானா மதிலுக்கு மேலால் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் அவருடைய பின்வளவு மாமரத்தின் கீழே ஒரு கைக்கதிரையும் சின்ன மேசையும் கிடந்தன.

"பின் கேட் பூட்டல்ல" என்று அவருடைய மனைவி பைறோஸா மதிலுக்கு மேலால் சொன்னாள். அவ்வளவுதான் அழைப்பு.

அந்த வருஷம் முழுக்க அருந்ததி அந்தக் கதிரையில் இருந்துதான் படித்தாள். வெறுந்தேத்தண்ணியும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் சத்தமில்லாமல் மேசைக்கு வரும். மக்கீன் நானா கடை பூட்டி வந்தால் ரேடியோவைத் தணித்து வைப்பார். படித்து என்ன செய்யப் போகிறாய் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளை குட்டி இல்லாதவர்கள். அதற்காக அவளைப் பிள்ளையாக்கிக்கொள்ளவும் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பெரிதாகப் பட்டது. முடிவுகள் வெளியான அன்று எப்படியாவது நன்றி சொல்லிவிடுவது என்று பின் கேட் வழியாகப் போனவள், மக்கீன் நானாவைக் கண்டதும் சொன்னது இதுதான்: "அந்தக் கதிரையில ஒரு கால் ஆடுது. பாத்துக்கொள்ளுங்கோ."

மக்கீன் நானா சிரித்தார். "செஞ்சு வெக்கிறன், டீச்சர்" என்றார். அவளை முதன்முதலில் டீச்சர் என்று அழைத்தவர் அவர்தான்.

சொல்லாத நன்றி அப்படியே கிடந்தது. அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் போய்வந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்த மக்கீன் நானா, உட்கார்ந்த இடத்திலேயே சரிந்துபோனார்.

*

முஸ்லிம்களின் வழக்கப்படி பைறோஸா இத்தாவில் அமர்ந்தாள். கணவன் இறந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, வெள்ளை உடுப்பு, பிற ஆண்களின் கண்ணில் படுவதில்லை. பின்வளவு மதில் நெஞ்சளவு உயரம்தான். மறுபக்கத்தில் அருந்ததியின் அப்பா, தம்பிமார், பாய் விரித்த சொந்தக்காரர். ஆகவே மக்கீன் நானாவின் தங்கை நளீபா தெஹிவளையிலிருந்து வந்து, பைறோஸா கிணற்றடிக்குப் போய்வர மறைப்பாக, விறாந்தைத் தூணிலிருந்து மாமரம் வரைக்கும் ஒரு நீளமான வெள்ளைத் திரைச்சீலையைக் கட்டிவிட்டுப் போனாள்.

மக்கீன் நானாவின் வீடும் வாடகை வீடுதான். அதன் சொந்தக்காரர் ஹியூபேட் மாத்தயா கண்ணியமான மனிதர். இத்தா முடியும்வரை வீட்டைக் கேட்கமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். முடிந்த பிறகு வீடு வேண்டும், பின்வளவில் லொறி நிறுத்தக் கொட்டகை போட வேண்டும், மரம் போய்விடும். பைறோஸா நளீபாவோடு தெஹிவளையில் போய் இருப்பது என்று ஏற்பாடு.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் அருந்ததி திரைச்சீலைக்கு உள்ளே போய்ப் பைறோஸாவோடு இருப்பாள். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"பீங்கான், கட்டில், ரேடியோ எல்லாம் வண்டியில ஏத்தலாம்" என்றாள் பைறோஸா ஒரு பின்னேரம். "இத ஏத்த ஏலாதே." அவள் மரத்தைப் பார்த்தாள். "நான் கலியாணம் முடிச்சு வந்த வருஷம் அவங்க நட்டது. மொதல்ல ஒரேயொரு காய். அத அறுத்து ஒழுங்கயில எல்லா வீட்டுக்கும் அனுப்பினாங்க. ஒங்கட வீட்டுக்கும் ஒரு கீறு வந்தீக்கும்."

"கொட்டையை நட்டா இதே பழம் வராது, ராத்தா. என்ன வரும் எண்டு சொல்லேலாது."

"ஆறுதலா ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா, தங்கச்சி, ஒங்களுக்கு?"

"தெரியாது. ஒட்டுக் கட்டத் தெரியும்."

புத்தகத்தில் தெரியும் என்பதை அவள் சொல்லவில்லை. கைதொட்டு ஒரு மரத்தையும் ஒட்டியதில்லை. ஆனால் அந்த வார்த்தை வாயால் வந்த மறுகணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, கதிரைக்குச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேறு வழி இல்லையென்று. இத்தா முடிந்து பைறோஸா வண்டி ஏறும்போது அவள் மடியில் இந்த மரத்தின் கன்று ஒன்று இருக்க வேண்டும்.

செய்முறையை மரத்தடியிலேயே விளங்கப்படுத்தினாள். காட்டு மாங்கன்று ஒன்றைச் சட்டியோடு கொண்டுவந்து கிளைக்குப் பக்கத்தில் நிறுத்துவது. கன்றின் தண்டிலும் கிளையிலும் ஒரே நீளத்துக்கு ஒரு பக்கம் பட்டையைச் சீவி, காயத்தோடு காயம் பொருத்திக் கட்டிவிடுவது. கிளையைத் தாய்மரத்திலிருந்து வெட்டுவதில்லை. அது தாயின் பாலிலேயே இருந்துகொண்டு மெல்ல மெல்லக் கன்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகுதான் வெட்டு.

"எவ்வளவு நாள் புடிக்கும்?"

"ரெண்டு மாசம், மூண்டு மாசம். ஒழுங்காக் கட்டினால்."

"அப்ப எனக்கும் அதுக்கும் ஒரே இத்தா" என்றாள் பைறோஸா. கணவன் போன பிறகு அவள் சிரித்ததை அருந்ததி அன்றுதான் கண்டாள்.

*

கன்றுக்குக் குறைவில்லை. பாமன்கடைக் கால்வாய்க் கரையில், ஆட்கள் தின்று எறிந்த கொட்டைகளிலிருந்து முளைத்தவை பென்சில் தடிப்பில் நின்றன. மூன்றைத் தோண்டிச் சட்டியில் வைத்து வேர் பிடிக்க விட்டாள். மாமரத்தின் ஒரு கிளை மதிலின் மேல் கை போட்டதுபோலத் தாழ்ந்து கிடந்ததால் சட்டியை மதில்மேல் வைப்பதும் சுலபம். கஷ்டம் வந்தது கட்டுவதில்தான்.

ராஃபியா நாரால் கட்டு என்றது புத்தகம். ராஃபியா மடகஸ்காரிலிருந்து வர வேண்டும். உலக யுத்தம் நடக்கிற காலத்தில் அரிசிக்கே கப்பலைக் காணோம். வாழைநாரை ஒரு குச்சியில் சுற்றிப் பார்த்தாள். ஈரத்தில் இறுகி நின்றது, காய்ந்ததும் பல்லில்லாத வாய்போலத் தளர்ந்தது. கடைசியில் விமானத் தாக்குதல் வந்தால் காயத்துக்குக் கட்டவென்று வீட்டில் வைத்திருந்த பண்டேஜ் சீலையை எடுத்தாள். காயம்தானே இதுவும் என்று நினைத்தாள். கத்தியைச் சுடுதண்ணீரில் கழுவி, சீவி, பொருத்தி, பண்டேஜை வரிசையாகச் சுற்றி முடிச்சுப் போட்டபோது ஒரு டொக்டரின் கம்பீரம் அவளுக்கு வந்துவிட்டது.

"வடிவாத்தான் ஈக்கி" என்றாள் பைறோஸா. "கையொடஞ்ச புள்ள மாதிரி."

மூன்று கிழமைக்குப் பிறகு கட்டுக்குள்ளிருந்து ஒரு புளித்த மணம் வந்தது. அவிழ்த்துப் பார்த்தால் காயம் இரண்டும் கறுத்துக் குழைந்து போயிருந்தன. சட்டி மண் சேறாகக் கிடந்தது.

"இவ்வளவு தண்ணி எங்கயிருந்து வந்தது?" என்றாள் அருந்ததி. "நான் காலமை ஒரு செம்புதானே ஊத்துறனான்."



"நீங்க ரயிலுக்கு ஓடுறவங்க, மறந்துபோவீங்க எண்டு நானும் ஊத்தினன்" என்றது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பைறோஸாவின் குரல். "காலையிலயும் அந்தியிலயும்."

"எப்பிடி ஊத்தினீங்கள்? வெளிய வரமாட்டீங்களே."

பைறோஸா செய்து காட்டினாள். சீலையின் ஓரத்தால் நீளக் காம்புள்ள சிரட்டை அகப்பை ஒன்று வெளியே வந்தது. ஆளைக் காணோம், கையையும் காணோம். அகப்பை மட்டும் ஆகாயத்தில் தடவித் தடவிப் போய்ப் பண்டேஜின் உச்சந்தலையில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அருந்ததி கோபிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க, சீலைக்குப் பின்னால் பைறோஸாவும் சிரிக்க, இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீரிலேயே கொன்றுவிட்ட அந்தக் கன்று நடுவில் நின்றது. அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு: யார் ஊற்றினாலும் செம்பை மதில்மேல் கவிழ்த்து வைப்பது. கவிழ்ந்த செம்பைக் கண்டால் மற்றவள் கைவைக்கக் கூடாது.

*

இரண்டாவது கன்றை அதே கிளையில் கொஞ்சம் தள்ளிக் கட்டினாள். இந்த முறை வாழைநார். தளர்ந்தால் இரண்டு நாளுக்கொரு முறை தானே இறுக்குவது என்ற எண்ணம். அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனையில் தவணைப் பரீட்சை வந்தது. விடைத்தாள்களோடு இருட்டும் நேரத்துக்குத்தான் வீடு வருவாள். செம்பு கவிழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

திருத்தி முடித்த ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பார்க்கப் போனவள் திகைத்து நின்றாள். வாழைநாரைக் காணோம். அந்த இடத்தில் பழுப்புநிறப் பார்சல் நூல், நெருக்கமாக, ஒரு சுற்றும் மற்றதில் ஏறாமல், கண்ணைக் கவரும் ஒழுங்கில் சுற்றப்பட்டிருந்தது. முடிச்சின்மேல் சிவப்பு அரக்கு உருக்கி வைத்திருந்தது. நூலுக்கு மேலும் கீழும் தண்டு வீங்கி, நடுவில் பட்டை அறுந்து, ஒட்டுக்கு மேலே கன்றின் இலைகள் பொரித்த அப்பளம்போல நின்றன.

"அப்பா" என்றாள். "இதை ஆர் கட்டினது?"

நாகேந்திரம் சவரக் கத்தியோடு வெளியே வந்தார். பாதி முகம் சோப்பு நுரை. "நான்தான் பிள்ளை. உன்ர கட்டு தொய்ஞ்சுபோய்க் கிடந்தது. பார்க்க மனம் கேக்கேல்லை. இருபத்தஞ்சு வருஷ சேவிசில நான் கட்டின ஒரு பார்சலும் வழியில அவிழ்ந்ததெண்டு இல்லை."

"இது பார்சல் இல்லை, அப்பா. உயிர். கொழுக்கும். கொழுக்க இடம் விடாமல் கழுத்தை நெரிச்சு வைச்சிருக்கிறியள்."

"இறுக்கமாக் கட்டினால் நல்லா ஒட்டுமெண்டு..."

"அரக்கு எதுக்கு வைச்சனீங்கள்?"

நாகேந்திரம் நுரையைத் துடைத்துக்கொண்டார். "அரக்கு வைச்சால் ஒருத்தரும் கைவையாங்கள்" என்றார் மெதுவாக. "மக்கீன் எனக்கும் சிநேகிதன்தானே, பிள்ளை. என்னால ஏலுமானது அதுதான்."

அவள் பேசிய பேச்சு ஒழுங்கை முனைவரை கேட்டிருக்கும். பேசி முடித்து முடிச்சை வெட்டக் கத்தியை வைத்தபோதுதான் அதை நன்றாகப் பார்த்தாள். நன்கு தெரிந்த முடிச்சு. பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் நாள் அவளுடைய புத்தகக் கட்டில் இருந்தது இதே முடிச்சுத்தான். ஒவ்வொரு தவணையும் அப்பா விடியவே எழுந்து புத்தகங்களைக் கடுதாசியில் சுற்றி, நூலைப் பல்லில் கடித்து, இதே முடிச்சைப் போட்டுத் தருவார். மழையில் ஒரு புத்தகம் நனைந்ததில்லை. அவள் முடிச்சை வெட்டாமல், அரக்கைத் தட்டி உடைத்து, நகத்தால் மெல்ல அவிழ்த்து நூலைச் சுற்றி எடுத்தாள்.

"நூல் நல்ல நூல்" என்று சொல்லி அதை அப்பாவின் கையில் கொடுத்தாள். அவளைப் பெற்றவருக்கு அது போதும். மன்னிப்பு என்று அவருக்கு விளங்கியது.

ஆனால் கன்று போய்விட்டது. ஒரு கன்றுதான் மிச்சம், இத்தாவிலோ பாதிக்குக் கிட்டக் கரைந்துவிட்டது. மூன்றாவதும் கெட்டுப்போனால் நாலாவதற்கு நாளில்லை. பைறோஸா வெறுங்கையோடுதான் வண்டி ஏறுவாள்.

*

இனிக் கைக்கு அகப்பட்ட சாமானால் கட்டுவதில்லை என்று இருந்து யோசித்தாள். கட்டு மூன்று வேலை செய்ய வேண்டும். அசையாமல் பிடிக்க வேண்டும். தண்ணீரை உள்ளே விடக் கூடாது. தண்டு கொழுக்கக் கொழுக்கத் தானும் விட்டுக்கொடுக்க வேண்டும். பண்டேஜ் தண்ணீரைக் குடித்தது. நூல் விட்டுக்கொடுக்கவில்லை. வாழைநாருக்கு ஒன்றுமே ஏலாது.

விட்டுக்கொடுப்பது என்றால் ரப்பர். காலி வீதிச் சைக்கிள் கடையில் பழைய டியூப் துண்டு ஒன்று கேட்டாள். கடைக்கார மஷூர் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மிஸ், ரப்பர் வெளையிற நாட்டில ரப்பர் இல்ல. எல்லாம் வெள்ளக்காரன்ட லொறிச் சில்லுக்குப் போற. என்ட சைக்கிளுக்கே நான் டியூபுக்குள்ள வைக்கோல் அடச்சு ஓடுறன்." பழைய டியூபுக்கும் ஆயிரம் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே அவள் ரயில் ஏறினாள்.

விடை அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே கிடைத்தது. அவளுக்குப் பக்கத்து வகுப்பில் தையல் பாடம். அருந்ததி மாணவியாக இருந்த காலத்தில் மனதார வெறுத்த பாடம் அது. பெண்களைக் குனியவைத்துப் பழக்கவே அதைக் கண்டுபிடித்தார்கள் என்பது அவளுடைய உறுதியான கருத்து. அன்று ஜன்னலால் பார்த்தபோது ஒரு சிறுமி சட்டைக் கழுத்துக்கு ஓரப்பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். நேராக வெட்டிய பட்டி வளைவில் சுருங்கி நின்றது. தையல் டீச்சர் அதைப் பிய்த்தெறிந்துவிட்டுத் துணியை மூலைக்கு மூலை சாய்த்து வெட்டிக் கொடுத்தாள். அந்தப் பட்டி இழுத்த இழுப்புக்கு நீண்டு, வளைவைத் தழுவிக்கொண்டு படிந்தது.

பதினாலு வயதில் அருந்ததியின் கையும் ஆயிரம் முறை வெட்டிய பட்டிதான். சாய்த்து வெட்டிய துணி இழுபடும், விட்டுக்கொடுக்கும், பிடித்தும் கொள்ளும். கைக்குத் தெரிந்திருந்தது, மூளைதான் பட்டம் வாங்கிய பெருமையில் அதைக் கேட்கவில்லை. தன்மேலேயே கோபம் வந்தது. கூடவே, தன் காதைத் திருகித் திருகிப் பட்டி வெட்டப் பழக்கிய பழைய தையல் டீச்சரின் முகமும் வந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் புகாமலிருக்கத் தேன்மெழுகு. பள்ளிக்கூடத்துச் சின்னக் கோயிலான சப்பலில் பலிபீட மெழுகுதிரிகள் உருகி வழிந்த கட்டிகளைத் தலைமை மதர் ஒரு தகரத்தில் சேர்த்து வைத்திருந்தார். அருந்ததி நேரே போய்க் கேட்டாள்.

"எதற்கு?" என்றார் மதர்.

"மாமரத்துக்கு."

மதர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஆசிரியை இதுவரை எதையும் கேட்டதில்லை, முறைப்பாடு மட்டும்தான் செய்திருக்கிறாள். தகரத்தோடு கொடுத்துவிட்டார்.

இனித் துணி. மெல்லியதாக, நெருக்கமாக நெய்ததாக வேண்டும். கடைகளில் துணி என்பதே அருமையாக இருந்த காலம். வீட்டில் இருந்ததெல்லாம் தோய்த்துத் தோய்த்து நைந்தவை. பைறோஸாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்துபோய்க் கத்தரிக்கோலோடு வந்தாள்.

"இத வெட்டுங்கோ" என்று திரைச்சீலையைப் பிடித்துக் காட்டினாள். "பொப்லின். புதுசு."

"ராத்தா, இது உங்கட மறைப்பு."

"தரையில இழுபடுற அளவு நீளம் ஈக்கி. நளீபா எல்லாத்தயும் கூடத்தான் வாங்குவா. வெட்டுங்கோ."

"சாய்ச்சு வெட்டவேணும். மூலையே போயிடும். அசிங்கமா நிக்கும்."

"நான் என்ன கலியாண வீடா வெச்சீக்கிறன்?"

அருந்ததி மூலையை மடித்துக் கோடு பார்த்துப் பட்டி பட்டியாக வெட்டினாள். அடுப்படியில் பைறோஸா மெழுகை உருக்கி, கொஞ்சம் குங்கிலியப் பொடி தூவி, பட்டிகளைக் குறடால் தோய்த்துத் தோய்த்து எடுத்தாள்.

"இது எங்கத்த மெழுகு?"

"சேர்ச் மெழுகு."

பைறோஸா ஒரு கணம் குறடை நிறுத்தினாள். "மரத்துக்கிட்ட சொல்லாதீங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டியைத் தோய்த்தாள்.

பட்டி கையில் ஒட்டியது, இழுக்க நீண்டது, விட ஒடுங்கியது. மூன்றாவது கன்றைச் சீவிப் பொருத்திப் பிடித்துக்கொண்டு அருந்ததி ஆளைத் தேடினாள். கட்ட இரண்டு கை போதாது. பைறோஸாவால் மதிலடிக்கு வர ஏலாது. தம்பிமார் மறுபக்கம் நின்றார்கள்.

"அப்பா" என்று கூப்பிட்டாள். "வந்து பிடியுங்கோ."

நாகேந்திரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, மதிலின் அந்தப் பக்கம் நின்று, இரண்டு தண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்தார். அவள் கீழிருந்து மேலே, ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறச் சுற்றினாள்.

"போதுமோ? கொஞ்சம் இறுக்கமாட்டியே?" என்றார்.

"அப்பா."

"இல்லை, சும்மா கேட்டனான்."

*

நளீபா கிழமைக்கு ஒருமுறை தெஹிவளையிலிருந்து வருவாள். வந்ததும் கண்ணில் பட்டது திரைச்சீலையின் வெட்டுண்ட மூலை. "என்ன மதினி இது, ஆடு கடிச்சதா?"

"இல்ல. மாமரத்துக்குச் சட்ட தெச்சது" என்றாள் பைறோஸா.

துக்கத்தில் மதினிக்குப் புத்தி கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று நளீபா தன் வீட்டில் போய்ச் சொன்னாளாம். அடுத்த முறை ஓதிய தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்தாள். பைறோஸா பக்தியோடு வாங்கிக் குடித்தாள். மிச்சத்தைச் சட்டிக்கு ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்தாள்.

மழை வந்தது. மெழுகுச் சீலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. வெயில் வந்தது. கட்டு தளரவில்லை. தண்டு தடிக்கத் தடிக்கப் பட்டியும் மெல்ல மெல்ல அகன்றுகொடுத்தது. அவிழ்த்துப் பார்க்க அருந்ததிக்குக் கை துடித்தது, பார்க்கவில்லை. கோபக்காரியின் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமை அதுவரை இருந்ததில்லை. பின்னேரங்களில் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு பழைய கதிரையிலேயே வந்து இருந்தாள். கால் ஆடவில்லை. வெறுந்தேத்தண்ணி வந்தது. பைறோஸா சீலைக்கு இந்தப் பக்கம் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டுவாள். சில நேரம் மக்கீன் நானாவைப் பற்றிச் சொல்லுவாள், அநேகமாகச் சும்மா இருப்பாள். இருவரும் ஒரே திசையில், அந்த வெள்ளைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தா முடிய ஒரு கிழமைபோல இருந்தபோது, கட்டுக்கு மேலே, கிளையின் நுனியில், செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. அது தாய்மரத்தின் பாலில் விட்ட தளிரா, கன்றின் வேரில் விட்டதா? வெட்டாமல் தெரியாது. வெட்டிய பிறகு திரும்ப ஒட்ட ஏலாது.

ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போன ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அருந்ததி கத்தியைக் கொண்டுவந்தாள். பைறோஸா வெள்ளைச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

"ரெண்டு வெட்டு" என்றாள் அருந்ததி. "கட்டுக்கு மேலே கன்றின்ர தலையை நான் வெட்டுவன். கட்டுக்குக் கீழே, கிளையைத் தாய்மரத்தில இருந்து பிரிக்கிறது. அது உங்கட மரம். நீங்கள் வெட்டுங்கோ."

"நானா?"

"நானும் பயத்திலதான் நிக்கிறன், ராத்தா. பிடியுங்கோ கத்தியை."

பைறோஸா பிஸ்மி சொல்லி வெட்டினாள். கிளை தாயை விட்டு விலகி, கன்றின் காலில் தனியாக நின்றது. மத்தியான வெயிலில் தளிர் வாடித் தலை குனிந்தது. இருவரும் அன்று சாப்பிடவில்லை. சட்டியை மரநிழலுக்கு இறக்கி, ஈரச் சாக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டு, அந்திவரை அதன் பக்கத்திலேயே இருந்தார்கள்.

மறுநாள் காலை நாகேந்திரம்தான் முதலில் கண்டார். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பல்பொடி வாயோடு உள்ளே வந்து மகளை எழுப்பினார். "பிள்ளை, உன்ர பார்சல் போய்ச் சேர்ந்திட்டுது."

தளிர் நிமிர்ந்து நின்றது. அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். பிறகு அருந்ததி கட்டை அவிழ்த்தாள். மெழுகுச் சீலை உரிந்து வந்தது. உள்ளே இரண்டு தண்டும் ஒன்றாகி, சேர்ந்த இடத்தில் ஒரு தடித்த தழும்பு, தொட்டால் சொரசொரவென்று. பைறோஸா அதை விரலால் தடவிப் பார்த்தாள்; நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

*

வண்டி வந்த அன்று சாமானெல்லாம் ஏறி முடிந்தது. நளீபா திரைச்சீலையை அவிழ்த்து மடித்தாள். வெட்டுண்ட மூலை எப்படி மடித்தாலும் அடங்கவில்லை. பைறோஸா நிறச் சேலை உடுத்தி, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு றிக்சோவில் ஏறினாள்.

"தண்ணி ஒரு ஆள்தான் ஊத்தவேணும்" என்றாள் அருந்ததி. "ஒருக்காத்தான். இலைக்கு இல்லை, மண்ணுக்கு. முதல் பூவை ஒடிச்சு எறியுங்கோ, ஆசைப்படாதேங்கோ." சொல்ல வந்தது இதுவல்ல என்று தன்மேலேயே கோபம் வந்தது. கோபத்தோடேயே சொன்னாள்: "ராத்தா, அந்தக் கதிரை இல்லாட்டி நான் பாஸ் பண்ணியிருக்கமாட்டன். நானாவுக்குச் சொல்லாமல் விட்டிட்டன். உங்களுக்குச் சொல்லுறன்."

"அவங்களுக்குத் தெரியும்" என்றாள் பைறோஸா. "ஆடின கால செய்யிற நேரம் சிரிச்சுச் சிரிச்சுத்தான் செஞ்சாங்க. கதிர மரத்தடியில ஈக்கி. ஏத்த வேணாமெண்டு நான்தான் சொன்னன். ஹியூபேட் மாத்தயா வர முந்தி மதிலால எடுத்துக்கொள்ளுங்கோ."

வேறொரு நாளாக இருந்தால் வேண்டாம் என்று சண்டை பிடித்திருப்பாள். "ஓம்" என்று மட்டும் சொன்னாள்.

பைறோஸா மதிலடியைப் பார்த்தாள். தண்ணீரில் அழுகிய முதல் கன்றின் சட்டி அங்கே ஒரு மூலையில் கிடந்தது. அடித்தண்டிலிருந்து அது தானாக ஒரு புதுக் குருத்து விட்டிருந்தது.

"அது காச்சா புளிக்குமே, தங்கச்சி."

"புளிக்கட்டும்."

"வளக்குங்கோ. என்டது பெருசான பொறகு அதத் தூக்கிக்கொண்டு தெஹிவளைக்கு வாங்கோ. என்ட மரத்தில கட்டுவோம்."

"சீலைக்கு எங்க போறது? யுத்தம் முடியாட்டி?"

பைறோஸா நளீபாவின் கையிலிருந்த துணி மடிப்பைத் தட்டிக் காட்டினாள்.

"இன்னும் மூணு மூல ஈக்கிதானே" என்றாள்.

றிக்சோ ஒழுங்கையைத் தாண்டிக் காலி வீதியில் திரும்பியது. அருந்ததி பின்வளவுக்குப் போய்க் கதிரையைத் தூக்கினாள். பாரமாக இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் மதிலுக்கு மறுபக்கம் வந்து நின்று, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.